இன்னும் படைக்காத மருந்து

திண்டிவனத்தில் காலையில் ஏறினால், விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போதுதான் எனக்குத் தூக்கம் கலையும். அங்கிருந்து விழுப்புரம் வரை, முந்தின நாள் ஊறப்போட்ட ஜெல் கிழிந்திருக்குமோ என்கிற ஒரே கவலை. ஆராய்ச்சி மாணவி என்று பெயர். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அந்தப் பிழைப்பு.

நான் செய்வது பாலிஅக்ரிலமைடு ஜெல். வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கரைத்து, வேறு சில ரசாயனங்கள் சேர்த்து, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே இறுகவைத்தால் நுங்கு மாதிரி ஒரு வில்லை கிடைக்கும். புண்ணின்மேல் வைத்தால் ஈரம் காயாது. கட்டைப் பிரிக்கும்போது சதையைப் பிடித்து இழுக்காது. ஆனால் இறுகாமல் தங்கிவிடுகிற தூள் நரம்புக்கு விஷம். அது வெளியேறும்வரை காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற வேண்டும். சோதனையில் கொஞ்சம் மிச்சம் தெரிந்தாலும் முதலிலிருந்து ஆரம்பம். "இன்னொரு தடவ பண்ணிடுங்கம்மா" என்று என் பேராசிரியர் டீ சொல்வதுபோலச் சொல்வார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்புவேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை. நிலக்கடலை பறிக்க மல்லாட்டைக் கொல்லைக்குக் கூலிக்குப் போன இடத்தில் முள் குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. பெருவிரலுக்கடியில் புண் ஆழமாகி, நாற்றத்தில்தான் நான் கண்டுபிடித்தேன். விரல் தங்குமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

"புண்ணுக்கு மருந்து பண்றேன்னு தெனம் போய்க்கினு வர்ற. எனக்கு ஒரு துண்டு கொண்டாந்தா என்னா?" என்றாள் அம்மா.

எரிச்சல் வந்தது. நியாயமான கேள்வி என்பதால் கூடுதலாகவே வந்தது.

"அது இன்னும் முடியலம்மா. எலிக்கு வச்சிப் பாக்கணும், அதுக்கே அனுமதி வாங்கணும். உனக்கு ஏற்கெனவே கால்ல நரம்பு செத்துக் கெடக்கு."

அம்மா தன் காலைக் குனிந்து பார்த்தாள். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மனுக்குக் கேப்பைக் கூழ் காய்ச்சுவது அவள்தான். உப்புப் போதுமா என்று நாக்கில் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். படைத்த பிறகுதான் யார் வாயிலும் படும்.

"இன்னும் படைக்கல. அதானே?" என்றாள்.

"அதாம்மா."

அப்புறம் அவள் கேட்கவே இல்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா, "பொண்ணு மருந்து பண்ணுது, நீ ஏன் நொண்டிக்கினு கெடக்குற?" என்றபோதும், "இன்னும் படைக்கலக்கா" என்றாள். பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் உள்ளே படுத்திருந்தேன். எழுந்து போய் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

விரலை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கும் லேபுக்குப் போன் போட்டு, என் வில்லைகளுக்குத் தண்ணீர் மாற்றச் சொல்லிவிட்டுத்தான் வார்டுக்குள் போனேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

பிறகு ஒருநாள், காயத்துக்கு வைக்க ஜெல் வில்லை ஒன்றை மருந்துக்கடையில் வாங்கிவரச் சொன்னார்கள். நர்ஸ் உறையைப் பிரித்ததும் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை, ஓரத்தில் ஒரு கிழிசல் இல்லை. யாரோ செய்து முடித்தே விட்டிருந்தார்கள். பொறாமையாக இருந்தது.

"இது உன்னுதா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. கம்பெனியில பண்ணது."

"படைச்சாச்சா?"

"ஆச்சும்மா."

நர்ஸ் கட்டுப் போட்டு முடித்ததும் அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "யாரு பெத்த புள்ளயோ, எத்தினி நாளு தண்ணி மாத்திச்சோ. நல்லா இருக்கட்டும்" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் கையைத் தட்டினாள்.

"பஸ்சுக்கு நேரமாச்சு, நீ கெளம்பு. உன்னுதுக்குத் தண்ணி மாத்தணும் இல்ல?"