மீதமிருந்த ஆறு நிமிடம்

விமானம் ஓட்டப் பழக ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "வாடகை கிலோமீட்டருக்கா, மணிக்கா தாயி?"

திண்டுக்கல்லில் இரண்டு வாடகைக் கார் வைத்திருந்தவர், ஒன்றைத் தானே ஓட்டியவர், வேறெப்படிக் கேட்பார்?

"மணிக்குப்பா. ஆனா அவங்க மணி வேற மாதிரி."

"அதென்ன வேற மாதிரி? நம்மூர்ல அறுபது நிமிஷம்."

எங்கள் இரண்டு சீட்டு விமானத்தில் இரண்டு மீட்டர்கள் இருந்தன. ஒன்று, இன்ஜின் சுற்றும் வேகத்தைப் பொறுத்து ஓடுவது. இன்ஜினைத் தணித்து ஓட்டினால் ஒரு மணி நேரத்தை முக்கால் மணி என்றுகூடக் காட்டும். மற்றதற்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது. இன்ஜின் ஓடும் ஒவ்வொரு நிமிடத்தையும், பறந்தாலும் சரி, தரையில் சும்மா நின்றாலும் சரி, எண்ணிக்கொண்டே இருக்கும். இரண்டிலும் ஓர் எண் நகர்ந்தால் ஆறு நிமிடம் என்று கணக்கு. இன்று நான் வேலையாக ஓட்டும் பெரிய விமானத்தில் வாடகை மீட்டர் என்று எதுவும் இல்லை. இருந்தாலும் மெல்லப் புரளும் அந்தச் சின்ன வெள்ளை எண்களை இப்போதும் என் கண் தேடும்.

கிளப் முதலில் இரக்கமுள்ள மீட்டரைப் பார்த்துத்தான் வாடகை வாங்கியது. லைசென்ஸுக்குக் கணக்காகும் பறந்த நேரத்தை லாக் புக்கில் எழுதுவதோ கடிகாரப்படி. விடுவோமா? இன்ஜினைத் தணித்து, வானத்தில் ஆமைபோல ஊர்ந்தோம். யார் அதிகம் ஊர்ந்தது என்று கேன்டீனில் பெருமை வேறு.

ஒரு திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிவிட்டார்கள். இனி வாடகை இரண்டாவது மீட்டர்படி. கணக்கு பார்ப்பவர் நெய்க்காரப்பட்டிக்காரர். போய் முறையிட்டேன்.

"ஏனுங்க அம்மணி, நீங்கல்லாம் மாட்டுவண்டியாட்டம் ஓட்டுனா கிளப்புக்கு என்னங்க மிஞ்சும்?" என்றார்.

அப்போது என் கணக்கில் மீதி இரண்டு மணி இருபத்துநாலு நிமிடம். அப்பா ஒரு காரை விற்றுக் கட்டிய பணத்தின் கடைசித் துண்டு அது. அதற்குள் நான் லைசென்ஸுக்காகத் தனியாகத் திண்டுக்கல் வரை போய்த் திரும்ப வேண்டும். மீட்டர் கூடினால், கூடுதலைக் கட்டும்வரை லாக் புக்கில் கையெழுத்து விழாது. வீட்டில் இனி விற்பதற்கு அப்பா ஓட்டும் கார்தான் பாக்கி.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் பன்னிரண்டு நிமிடம் மிஞ்சியது. நேரம் இருந்தால் வீட்டுக்கு மேலே ஒரு சுற்று சுற்றிக்கொள்ளலாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அப்பாவிடம் சொன்னேன்.

"வீடு தெரியுமா மேலருந்து?"

"எதாச்சும் பெருசா மாடியில விரிச்சு வையிங்கப்பா."

"வித்த காரோட கவர் சும்மாதான் கெடக்கு. அத விரிக்கிறேன்."

பழனிக்கும் மேற்கே இருந்த கிளப்பிலிருந்து காலையில் கிளம்பினேன். வலப்பக்கம் கொடைக்கானல் மலை, கீழே பழனிப் பக்கத்துக் குளங்கள், அப்புறம் தொப்பம்பட்டித் தென்னைகள். தனியாக, என் ஊரை நோக்கி. பாட்டுகூடப் பாடினேன். ஒட்டன்சத்திரம் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் தாமதம். எதிர்காற்றுதான் என்று நினைத்தேன். பிறகுதான் கையைப் பார்த்தேன். பழைய வழக்கத்தில், இன்ஜினைத் தணித்தே வைத்திருந்தது கை. மீட்டர் மாறியது எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. மெதுவாகப் போய்ச் சேமித்தது போய், மெதுவாகப் போனதற்கே வாடகை.

முழு வேகத்தைக் கொடுத்தேன். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை எழுந்து வந்தது. வீட்டு மாடியில் சாம்பல் நிறச் சதுரம், ஓரத்தில் நாலைந்து புள்ளிகள். ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம். மிச்சமிருந்ததோ இரண்டு. இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, நேராகக் கடந்து போனேன். ஊர் தாண்டித்தான் திரும்பினேன், அதுவும் தெற்கே தள்ளி, மாடியிலிருந்து தெரியாத தூரத்தில்.

திரும்பும்போது காற்று முதுகில் இருந்தது, நான் நினைத்ததைவிடப் பலமாக. இறங்கி இன்ஜினை அணைத்தபோது மீட்டரில் ஓடியிருந்தது இரண்டு மணி பதினெட்டு நிமிடம்தான்.

கணக்குக்காரர் தாளைப் பார்த்தார். "ஆறு நிமிசம் மிச்சமுங்க அம்மணி. ரீஃபண்டு எழுதட்டுங்களா?"

வெளியே வந்து அப்பாவுக்கு போன் செய்தேன்.

"ஏன் தாயி நேராப் போயிட்ட? வழி தப்பிருச்சோன்னு உங்கம்மா பதறிட்டா."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு நிமிடத்தையும் சொன்னேன். அப்பா சிரித்தார். "சவாரிக்காரன் மணிக்கணக்குல காசு குடுக்கிறப்ப நான் மெதுவாப் போவேன். நீ உன் காசுலயே மெதுவாப் போயிருக்க."

"ரீஃபண்ட் வாங்கவாப்பா?"

"அம்புட்டுக் காசுல என்ன வாங்கப் போறோம்? கெடக்கட்டும். லைசென்ஸ் வரட்டும், நானே வந்து உக்காருறேன், ஆறு நிமிஷத்துக்கு."