கதவைச் சாத்திவிட்டுத் திட்டுங்கள்

போன வியாழக்கிழமை காலை, பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது ராயக்கோட்டையிலிருந்து ஃபோன் வந்தது. நாகரத்னா அக்கா போய்விட்டார் என்றார் அவருடைய மகன். கரண்டியைக் கையில் பிடித்தபடியே அழுதேன். ஓசூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில், கம்பெனி வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளை நாங்கள் இருவரும் ஆறு வருடம் பார்த்துக்கொண்டோம். ஆனால் அக்காவை நினைத்தால் அழுகையைவிடச் சிரிப்புதான் சீக்கிரம் வரும். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்.

மதியம் பிள்ளைகள் தூங்கியதும் சாப்பிட உட்காருவோம். அதற்கு அக்கா வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஒரு நாள் அவர் குறை சொல்லலாம், மறுநாள் நான். கேட்பவர் புத்தி சொல்லக் கூடாது. "ஆமா, அநியாயம்" என்று மட்டும் சொல்லலாம். அவர் முறையில் பெரும்பாலும் பஸ்தான் மாட்டும்.

"அந்த டிரைவருக்கு எம்மேல என்ன கோவமோ, நான் ஓடியாறதப் பாத்துட்டுத்தான் கியர் போடறான்."

"ஆமா, அநியாயம்."

சிரித்தால் பிள்ளைகள் விழித்துவிடும் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வோம்.

என் முறையில் சிரிப்பு குறைவு. திருநெல்வேலிப் பக்கத்து ரோஷம் எனக்கு. எங்கள் மேற்பார்வையாளர் அம்மா, தாய்மார்கள் பிள்ளையை அழைக்க வந்து நிற்கும் நேரம் பார்த்துத்தான் என்னைத் திட்டுவார். மறுநாள் அதே தாய்மார்கள் டீச்சர் என்பதை விட்டு ஆயா என்பார்கள். ஒருநாள், "கம்பெனியில ஆள் எடுக்காங்கக்கா. அடுத்த மாசம் போயிருதேன்" என்றேன். வேன், கேன்டீன், கூடுதல் சம்பளம் எல்லாம் உண்டு.

அன்று அக்கா அநியாயம் என்று சொல்லவில்லை. தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடி, "ஏன் செல்வி, ரெண்டு வருசமா உன் குறையக் கேக்கறேன். மூத்திரத் துணி, சளி மூக்கு, கடிக்கிற புள்ள, ஒண்ணுமே அதுல இல்லயே. அந்தம்மா வாய் மட்டுந்தான இருக்குது?" என்றார்.

கை கழுவிவிட்டு நேராக அந்த அம்மாவின் அறைக்குப் போனார். நான் வெளியே நின்று கேட்டேன்.

"மேடம், எங்கள நல்லாத் திட்டுங்க. ஆனா கதவச் சாத்திட்டுத் திட்டுங்க. தாய்ங்க முன்னாடி திட்டினா, நாளைக்கு எங்க கையில புள்ளயக் குடுக்க அவங்களுக்கே பயமாயிரும்."

"சரி, போங்க" என்று உள்ளேயிருந்து கேட்டது. அந்த அம்மா அதன்பின் திட்டுவதை விடவில்லை, கதவைச் சாத்தினார். நான் கம்பெனிக்குப் போகவில்லை.

இப்போது அந்த அறை என்னுடையது. நேற்று ஒரு புது டீச்சர் இரண்டு பிள்ளைகளின் சட்டையை மாற்றிப் போட்டு அனுப்பப் பார்த்தாள். வாசலில் நான்கு தாய்மார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, அவர்கள் போனபின் அவளை உள்ளே கூப்பிட்டேன். எழுந்து போய்க் கதவைச் சாத்துவதற்குள் பாதிக் கோபம் போய்விட்டது. அக்கா எனக்கு விட்டுப்போனது, கதவு வரைக்குமான அந்த நாலு அடிதான்.