தேன் நிறத்தில் வந்த எண்ணெய்

தன் காருக்கு ஆயில் மாற்றும்போது சலூன்காரர் கண்களை மூடிக்கொள்வார். தூக்கக் கலக்கம் ஒன்றுமில்லை, சுத்தமான கர்வம். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கையை நீட்டினால் முதலில் தட்டுப்படுகிற பெரிய நட்டுதான் ஆயில் நட்டு. அதைக் கழற்றக் கண் எதற்கு? நாளெல்லாம் கண்ணாடிக்குள் தெரியும் தலைகளைப் பார்த்தே இடது கிருதாவையும் வலது கிருதாவையும் சரிக்குச் சரி நிறுத்துகிற கை அது. "என் கை ஏமாறாது" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்?

மகள் தவழ்ந்துகொண்டிருந்தபோது வாங்கிய வண்டி. வாங்கும்போதே யாரோ ஓட்டித் தேய்த்தது. மகளுக்குக் கல்யாணமாகி அவள் கடல் கடந்து போய்விட்டாள். வண்டி மட்டும் எங்கும் போகவில்லை. வொர்க்‌ஷாப்காரன் கை அதன்மேல் பட அவர் விட்டதில்லை. ஸ்டியரிங்கையும் வேறு யாரும் தொட்டதில்லை, மனைவி சொல்லாமல் கொள்ளாமல் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைக்கும்வரை.

அவளுக்குப் பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. வெலவெலத்து வருகிறவர்களைப் பேசிப் பேசி உட்காரவைத்துப் பழகியவள். வண்டி ஓட்ட அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் இவருக்குத்தான். போன வாரம் அவள் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே வழியெல்லாம் வந்தார். "நீங்க இறங்கி நடந்து வாங்களேன், எனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

நாளைக் காலை வெளியூர் ஆஸ்பத்திரியில் கண் ஆப்பரேஷன் முடிந்திருக்கும் தன் தங்கையை அவள் அழைத்துவர வேண்டும். தானே ஓட்டிக்கொண்டு, தனியாகப் போவதாக முடிவு செய்துவிட்டாள்.

"ஆயில் மாத்தாம அவ்வளவு தூரம் இது தாங்காது" என்று அவர் இழுத்துப் பார்த்தார்.

"அப்போ மாத்துங்க. இன்னிக்கு உங்க கடை லீவுதானே?"

வேறு வழியில்லாமல் ஷெட்டுக்குப் போனார். வண்டியில் பெரிதாக ஏதாவது கோளாறு அகப்பட்டால் தேவலை என்று மனசின் ஒரு மூலை நினைத்தது. சே, என்ன நினைப்பு இது என்று இன்னொரு மூலை அதட்டியது.

ஷெட்டின் ஒரு பக்கம் வீட்டுச் சுவர். வண்டி அதை ஒட்டியே நிற்கும். அடியில் நுழைய மறுபக்கம்தான் இடம். என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றினார். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, மரக்கட்டைகள் முட்டுக்கொடுத்து, ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்தார். வண்டியின் மூஞ்சி வாசல் பக்கமாக இருந்ததால் நல்ல வெளிச்சம் வந்தது. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு, வழக்கமான இடத்தில் படுத்து, வழக்கம்போல் கண்ணை மூடினார்.

நட்டு கைக்கு வந்தது. வழக்கமான ஸ்பேனர்தான் அதில் உட்காரவில்லை. வயதானால் நட்டும் தேயும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, திருகித் திருகி அளவு மாற்றுகிற பெரிய ஸ்பேனரைப் போட்டுத் திறந்தார். எண்ணெய் ஒழுகுகிற சத்தம் சளசளவென்று வராமல் சோம்பலாக வந்தது. கண்ணைத் திறந்தார்.

கீழே வைத்திருந்த பழைய பேசினில் தேன் இறங்கிக்கொண்டிருந்தது.

தேன் இல்லைதான். ஆனால் அந்த நிறம், அந்தக் கெட்டி. ஒரு வருஷம் ஓடிய என்ஜின் எண்ணெய் கன்னங்கரேலென்று அல்லவா வர வேண்டும்? விரலில் தொட்டு முகர்ந்தார். தீக்குச்சி உரசிய மாதிரி ஒரு நெடி. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாத இடத்தில் சந்தேகம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"ஏம்மா, இங்க வா" என்று குரல் கொடுத்தார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எனக்குத் தெரியாம வண்டிய எங்கயாவது கொண்டுபோய் ஆயில் மாத்தினியா?"

"நான் ஏன் மாத்தப்போறேன்?"

"லைசென்ஸ் கூடத்தான் தெரியாம வாங்கின."

"ஆமா, வாங்கினேன். சொல்லியிருந்தா வாங்க விட்டிருப்பீங்களா? ஆனா ஆயில் எல்லாம் நான் மாத்தல. உங்க சொத்தை நான் தொடுவேனா?"

அவள் முகம் பொய் சொல்கிற முகமாக இல்லை. நட்டை மூடிவிட்டு ஃபில்டரைக் கழற்றினார். அதிலிருந்து மணிக்கட்டு வழியே முழங்கைக்கு ஓடிவந்தது மை மாதிரிக் கறுப்பு எண்ணெய். அவர் பேசினைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி பேசினைப் பார்த்தார். ஒரே என்ஜினுக்குள் இரண்டு எண்ணெயா? மகளிடம் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. அவள் படித்தது கணக்கு.

கை பழக்கத்தில் வேலையை முடித்தது. புது ஃபில்டரைப் பொருத்தி, மேலே வந்து, புது ஆயில் டப்பாவை முழுக்கக் கவிழ்த்தார். அளவுக் கம்பியை உருவினால், அளவுக்கோட்டைத் தாண்டி எங்கேயோ ஏறி நின்றது ஆயில். துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தார். அதே கதை.

"வண்டி சரியில்ல. நாளைக்கு நீ பஸ்ல போயிடு" என்றார். சொல்லும்போது குரலில் ஒரு துளி நிம்மதி கலந்ததை அவரே கேட்டார்.

அவளும் கேட்டாள். "கட்டுப் போட்ட கண்ணோட அவள பஸ்ல இடிபடச் சொல்றீங்களா? என்ன சரியில்ல, அதச் சொல்லுங்க முதல்ல."

"ஊத்தினது நிறைய ஏறி நிக்குது."

"கீழ அவ்வளவு எடுத்தீங்களே."

"எடுத்தேன்."

"எடுத்தா குறையணும்ல? குறையலன்னா நீங்க எடுத்தது இதுலேர்ந்து இல்ல."

"பின்ன எதுலேர்ந்து, பக்கத்து வீட்டு வண்டியிலேர்ந்தா?"

அவள் லாரி ஓட்டுகிற தன் தம்பிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். தேன் நிறம் என்று சொன்னதுமே மறுமுனையில் சிரிப்பு.

"அத்தான், அது கியர் பெட்டி எண்ணெய்! எந்த நட்டக் கழட்டினீங்க?"

"எப்பவும் கழட்டற நட்டுதான்டா. படுத்தா முதல்ல கைக்கு வருமே, அது."

"வண்டி எப்பவும் நிக்கிற மாதிரிதான நிக்குது?"

சலூன்காரர் வாயைத் திறந்தார். வாசலைப் பார்த்து நிற்கிற வண்டியின் மூஞ்சியைப் பார்த்தார். இத்தனை வருஷமும் அது ஷெட்டின் பின்சுவரைப் பார்த்துத்தான் நின்றது. திருப்பி நிறுத்தினால் இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போய்விடும். என்ஜின் நட்டு இருந்த இடத்தில் கியர் பெட்டி வந்து காத்திருக்கும்.

"யாரு திருப்பி நிறுத்தினது?" என்றார், மெதுவாக.

"நான்தான். விடியறதுக்கு முன்னாடி இருட்டுல ரிவர்ஸ் எடுத்துத் தெருவுல இறங்க எனக்கு இன்னும் வரல. அதான் நேத்தே திருப்பி வெச்சேன்." அவள் நிமிர்ந்து நின்றாள். "அதுவும் தப்பா?"

உன்னால்தான் எல்லாம் என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிக்கு வந்தது. இந்த இண்டு இடுக்கான ஷெட்டுக்குள் சுவரில் ஒரு கீறல் படாமல் ரிவர்ஸில் நுழைத்திருக்கிறாள். அவரே ஒருநாளும் துணிந்ததில்லை. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியாமல் நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினார்.

"அத்தான், இருக்கீங்களா? கியர் பெட்டி காலியாக் கிடக்கு. அப்படியே ஓட்டினா பாதி வழியில அரைச்சுப் போட்டுரும்" என்றது போன்.

சும்மா இருந்தாலே போதும். நாளை வண்டி கிளம்பாது. குற்றமும் திருப்பி நிறுத்தியவள் தலையில் விழும். அவர் பேசினில் இருந்த தேனையும் அதில் படர்ந்த மையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயில் கடைக்காரன் இன்னும் மூடியிருக்க மாட்டான்" என்றார் கடைசியில். "நீ போய் கியர் ஆயிலும் என்ஜின் ஆயிலும் வாங்கிட்டு வா. எழுதிக் கொடுக்கறேன். அதுக்குள்ள நான் மேல ஊத்தினதை எல்லாம் வடிச்சிடறேன்."

இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, டார்ச் அடித்துப் பார்த்து, சுவர்ப்பக்கத்து நட்டைத் தேடிக் கழற்றினார். கறுப்பாக வந்தது. கறுப்பைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதன் இருக்க முடியாது. பிறகு அவள் மேலிருந்து குழாய் செருகிய புனலில் கியர் ஆயிலை ஊற்ற, அவர் அடியிலிருந்து "ஊத்து, ஊத்து, போதும், போதும்னா போதும்!" என்று கத்தினார். மிச்சம் அவர் நெற்றியில் விழுந்தது. வண்டியை இறக்கி, புது என்ஜின் ஆயிலை அளவாக ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, கம்பியை உருவிப் பார்த்தார்கள். கோட்டில் சரியாக நின்றது.

மறுநாள் அவள் கிளம்பிப் போனாள். அவர் கடையைத் திறந்து, ஒருவர் கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஏங்க, ஒண்ணுமில்ல, பதறாதீங்க. பாதி தூரம் வந்துட்டேன், வண்டி ஜம்முனு போகுது. பெட்ரோல் பங்க்ல நுழையறேன். டேங்க் மூடி எந்தப் பக்கம்?"

இடது என்று சொல்ல வாயெடுத்தார். வலதோ? போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நுரைக் கையால் காற்றில் மூடியைத் திறந்து பார்த்தார். கை ஒரு பக்கம் போனது; மனசு மறுபக்கம் இழுத்தது. நாற்காலிக்காரர் கண்ணாடிக்குள்ளிருந்து விழித்தார்.

"தெரியல" என்றார் சலூன்காரர். "இறங்கி நீயே பாத்துடும்மா."