ஆடாமல் நிற்க மறுத்த கோடு

குடிநீர் அலுவலகத்தில் இருபத்தொரு வருடமாக மீட்டர் சரிபார்த்து வந்த ஒருவருக்கு, நாற்பத்தெட்டாவது வயதில் தன் காருக்கு மூச்சு போதவில்லை என்று தோன்றியது. கார் அப்படி எதுவும் புகார் கொடுக்கவில்லை. பதினேழு வருடமாக முணுமுணுக்காமல் ஆபீசுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அவர் விடவில்லை; அதற்கு டர்போ மாட்டுவது என்று முடிவு செய்தார். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சாதனம் அது.

ஒர்க்ஷாப் மெக்கானிக் முதலிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். “சார், வேணாம். இந்த இன்ஜின் பாவம்.”

அறிவுரை சொன்னவரிடம் வேலையைக் கொடுப்பது கௌரவக் குறைச்சல் இல்லையா? அதனால் அவரே செய்தார். உதவிக்கு மனைவியின் தம்பி. அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். கார்களைப் பற்றிய அவனுடைய அனுபவம் முழுக்கப் பின்சீட்டில் உட்கார்ந்து சேகரித்தது. இருவருமாக நான்கு மாதத்தில் டர்போவை மாட்டினார்கள், பழைய இக்னிஷனைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டரையும் வைத்தார்கள். தெரு அவருக்கு ‘டர்போ சார்’ என்று பெயர் வைத்தது. அவர் அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

கார் ஓடியது. எப்போது ஓடும், எப்போது உதைக்கும் என்பதுதான் அதன் சொந்த விஷயமாகிவிட்டது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, சிக்னலில் பச்சை விழுந்ததும் கார் பின்பக்கமாக ‘டமார்’ என்று வெடித்தது. முன்னால் நின்ற ஸ்கூட்டர்காரர் இறங்கி ஓடினார். மாமியார் கட்டுப்போட்ட கண்ணைப் பொத்திக்கொண்டு, “மாப்ளே, எனக்கு ஒரு கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு. நான் பஸ்லயே போயிடறேன்” என்றார். போயும் விட்டார்.

கோளாறு என்னவோ இக்னிஷன் டைமிங்கில்தான். சிலிண்டருக்குள் பொறி எந்தக் கணத்தில் விழவேண்டும் என்ற கணக்கு அது. இன்ஜின் முன்னால் சுற்றும் புல்லிச் சக்கரத்தில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. டைமிங் லைட்டை அதன்மேல் அடித்தால், மின்னி மின்னி அந்தக் கோடு பக்கத்து அளவுகோலில் பத்து டிகிரியில் அசையாமல் நிற்பதுபோலத் தெரியவேண்டும். இவருடைய கோடு நாலுக்கும் பதினாறுக்கும் நடுவே பாண்டி ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த மூன்று மாதம் அவர் கோட்டைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினார். பிளக் மாற்றினார். பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றினார். பெட்ரோல் பம்ப் மாற்றினார். மச்சானின் யோசனைப்படி பெட்ரோல் பங்க்கைக்கூட மாற்றிப் பார்த்தார். ஆபீசில் யாராவது மீட்டர் ஓட்டம் தப்பு என்று புகார் கொடுத்தால், “முதல்ல குழாயைப் பாருங்க, எடுத்தவுடனே மீட்டரைக் கழட்டாதீங்க” என்று பாடம் எடுக்கிறவர் அவர்தான்.

கடைசியில் மெக்கானிக்கே மனமிரங்கித் தன் அலைக்காட்டியைக் கொடுத்தனுப்பினார். ஒயரில் வரும் சிக்னலைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. ஞாயிறு காலை வீட்டு வாசலில் அதை இணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, மாமாவும் மச்சானும் திரை முன் குந்தினார்கள்.

“என்னடா தெரியுது?”

“அழகா இருக்கு மாமா.”

அந்த நேரம் மனைவி டியூட்டிக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுப்பவள். போகிற போக்கில் திரையைப் பார்த்தவள் நின்றாள்.

“யாருக்குங்க எடுத்திருக்கீங்க?”

“காருக்கு. இது கிராங்க் சென்சார். புல்லியோட பல்லை எண்ணி, இன்ஜின் எந்த எடத்துல சுத்திட்டிருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது. உனக்குப் புரியாது.”

“புரிய வேணாம். இந்தப் பெரிய மேடு பள்ளம்தான் நிஜத் துடிப்பு. நடுவுல ஊசி ஊசியா நிக்குதே, அது துடிப்பு இல்ல. பக்கத்துல ஏதோ மெஷின் ஓடுது. எங்ககிட்ட இப்படி வந்தா முதல்ல பேஷண்ட்டோட ஒயர் எது மேல கெடக்குன்னு பாப்போம். இது எது மேல கெடக்கு?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சென்சார் ஒயரும் காயில் ஒயரும் ஒரே கறுப்பு உறைக்குள், பதினோரு இடத்தில் பிளாஸ்டிக் பட்டை கட்டி, பின்னல்போல அழகாக ஓடின. இந்த வேலைக்கு மட்டும் அவர் நாலு நாள் செலவழித்திருந்தார். போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் கார்ப்பிரியர்கள் குழுவில் போட்டதற்கு நாற்பத்து மூன்று பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

“அந்தப் பக்கத்து ஒயரைக் கழட்டிட்டு இன்ஜினைச் சும்மா சுத்த விட்டுப் பாருங்க” என்றாள்.

காயிலைக் கழற்றி, ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டார்கள். இன்ஜின் பற்றவில்லை, திரையில் கோடு பளிச்சென்று வந்தது. காயிலை மாட்டினார்கள். ஊசிகள் திரும்ப முளைத்தன. காயில் ஒவ்வொரு முறை பொறி விடும்போதும் பக்கத்து ஒயரில் மின் இரைச்சல் ஏற, கம்ப்யூட்டர் அதையும் புல்லியின் பல் என்று எண்ணிக் குழம்பியிருக்கிறது.

“எனக்கு பஸ் போயிடும்” என்று அவள் போய்விட்டாள்.

பின்னலைக் கத்தரிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சென்சாருக்கு, இரைச்சலைத் தடுக்கும் கம்பிவலை சுற்றிய புது ஒயர் வாங்கி, காயிலுக்கு எதிர்ப்பக்கமாகத் தனியே இழுத்தார். வலையைப் பாதுகாப்புக்காக இரண்டு முனையிலும் எர்த் பண்ணினார். ஊசிகள் குறைந்தன, போகவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவள் பையைக்கூட இறக்காமல், “ரெண்டு பக்கமும் எதுக்கு? எங்க மெஷின் ஒயருக்கெல்லாம் ஒரு பக்கம்தான்” என்றாள். ஒரு பக்கத்தைக் கழற்றினார். திரை சுத்தமானது.

ஆனாலும் லைட் அடித்தால் கோடு இரண்டு மூன்று டிகிரி மெதுவாக அசைந்தது. இதற்கும் மனைவியைக் கூப்பிட மானம் இடம் கொடுக்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

“சார், டைமிங்கை லாக் பண்ணிட்டுத்தானே பாக்கறீங்க?”

“லாக்கா?”

“வண்டி நின்னுட்டிருக்கும்போது ஆஃப் ஆயிடாம இருக்க கம்ப்யூட்டரே டைமிங்கை முன்னபின்ன ஆட்டும் சார். அதை லாக் பண்ணிட்டுத்தான் லைட் அடிக்கணும். கம்ப்யூட்டரோட வந்த புக்குல முதல் பக்கத்துலயே இருக்குமே?”

புத்தகம் உறை பிரிக்காமல் அலமாரியில் பத்திரமாக இருந்தது. லாக் பண்ணினார். கோடு பத்தில் ஆணி அடித்ததுபோல் நின்றது. அவர் லைட்டைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். மச்சான் இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

அன்றே குழுவில், ‘நீண்ட ஆய்வுக்குப் பின் கோளாறைக் கண்டறிந்தேன்’ என்று ஒரு கட்டுரை எழுதினார். அதன் கீழே மச்சான், ‘அக்கா பஸ்ஸுக்குப் போற வழியில கண்டுபுடிச்சா’ என்று எழுதினான். அதற்கு நூற்றுப் பன்னிரண்டு கட்டைவிரல்.

அடுத்த சனிக்கிழமை காலை, இரவு ஷிப்ட் முடிந்து வந்தவளை ஆஸ்பத்திரி வாசலுக்கே போய் ஏற்றிக்கொண்டார். புறவழிச்சாலை காலியாகக் கிடந்தது. மூன்றாவது கியரில் மிதித்தார். டர்போ விசிலடித்தது. உதைப்பு இல்லை, வெடிப்பு இல்லை. கார் வழுக்கிக்கொண்டு போனது. நெஞ்சு நிமிர்ந்து, “எப்படி?” என்று பக்கத்தில் திரும்பினார்.

அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

எழுப்பிக் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு மிதியிலிருந்து காலை எடுத்து, வேகத்தைக் குறைத்து, மேடு பள்ளம் பார்த்து வளைத்து வளைத்து, வீடுவரை நாற்பதிலேயே ஓட்டினார். பின்னால் வந்த பால் வண்டி ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது.