இரண்டு பொட்டலம் பூ

மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்றில் ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர். மற்றதில் பிரெஞ்சில் ஃபைனான்ஸ். திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் அனுப்ப வேண்டும். அவள் வாய் திறக்கவில்லை. அதனால் மற்றவர்கள் திறந்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் மருந்துப் போத்தல் அடைக்கிற வேலை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரொக்ஸ்பரோவிலிருந்து மனைவியின் அண்ணன் வந்தார். மனைவியின் தங்கையின் கணவரும், அவருடைய நாலு வயது மகளும் வந்தார்கள். மச்சான் கம்ப்யூட்டர்க்காரர். அந்தத் தொழிலில் இரண்டு முறை வேலை போனது. அவர் கம்ப்யூட்டர்தான் என்றார். சகலன் வங்கியில் இருக்கிறார். கார்டு தொலைத்தவர்களிடம் தொலைபேசியில் ஏச்சு வாங்குவது வேலை. அவர் ஃபைனான்ஸ்தான் என்றார்.

"இனிக் கோடிங் எல்லாம் மெசின்தான் எழுதும், அண்ணை," என்றார் சகலன்.

"உம்மடை வங்கிக் கணக்கை மட்டும் ஆக்களோ பாக்கப் போகினம்?" என்றார் மச்சான்.

இருவரும் தேநீர் குடித்தார்கள்.

மகள் வீட்டில் இல்லை. வார இறுதியில் ஜான்-டலோன் சந்தையில் பழக்கடையில் நிற்கிறாள். வந்தவர்கள் யாரும் அவள் எங்கே என்று கேட்கவில்லை.

கடைசியில் மனைவி, "அம்மனிட்டையே கேப்பம்," என்றாள். அதற்காகவே முதல் நாள் மகளைக் கொண்டு சிவப்பு ரோசா ஒரு கட்டும் வெள்ளை ஒரு கட்டும் வாங்குவித்திருந்தாள். சாமிக்கு என்று நினைத்து மகள் வாங்கி வந்தாள். சிவப்பு என்றால் கம்ப்யூட்டர். வெள்ளை என்றால் ஃபைனான்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு பூவை எடுத்து, தனித்தனியாக ஃபொயில் தாளில் சுற்றி அம்மன் முன் வைத்து, குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும்.

மனைவி குசினி மேசையில் மிச்சப் பூவுக்குப் பக்கத்தில் பொட்டலங்களைச் சுற்றி வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள். நான் அங்கேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மச்சான் தண்ணீர் குடிக்க வந்தார். தண்ணீர் குடிக்கவில்லை. அவர் போனதும் சகலன் கோப்பை வைக்க வந்தார். கோப்பையைத் திரும்பக் கொண்டுபோனார்.

ஜாக்கெட் மாட்டும் அலுமாரிதான் எங்கள் சாமியறை. கற்பூரம் கொளுத்தினால் புகை அலாரம் கத்தும். அதன் பற்றரியைக் கழற்றுவது என் பொறுப்பு. கழற்றினேன்.

குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்தது. உள்ளே இனிப்பு இல்லை என்றதும் அதன் முகம் வாடியது. வெள்ளை ரோசா.

"ஃபைனான்ஸ்!" என்றார் சகலன்.

மச்சான் மற்றப் பொட்டலத்தைப் பிய்த்தார். அதிலும் வெள்ளை.

"உதென்ன கள்ள வேலை?"

"நீங்கள் ரண்டையும் சிவப்பா வைச்சிருந்தியள். நான் மாத்தினன்," என்றார் சகலன்.

"நான் பிள்ளையின்ரை நன்மைக்கு வைச்சனான்!"

"நான் மட்டும் என்ன, கெடுதிக்கோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்கள் குசினிக்கைதானே இருந்தனீங்கள். கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"ஆரும் கேக்கேல்லை."

அந்த நேரம் கதவு திறந்தது. மகள் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். பிய்ந்த பொட்டலங்களையும் சண்டையையும் பார்த்தாள். விளக்கம் கேட்டாள். தாய் சொன்னாள்.

"அம்மா, நான் வெள்ளிக்கிழமையே கம்ப்யூட்டருக்கு அக்செப்ட் பண்ணீட்டன். மெட்ரோவிலை வரேக்கை."

"ஆரைக் கேட்டு?"

"ரண்டு இடத்திலையும் வகுப்பிலை போய் இருந்து பாத்தன். எனக்குக் கோடிங் பிடிக்குது."

"படிச்சு முடிச்சாப் பேந்து வேலை?"

"பேந்து பாப்பம்."

மச்சானுக்கு முகம் மலர்ந்தது. "நான் அப்பவே சொன்னனான்!" என்றார். அவள் அவர் சொன்னதைக் கேட்டுச் செய்தது போல.

மனைவி அழுகிற நிலையில் நின்றாள். மகள் தன்னைக் கேட்கவில்லை என்பது ஒரு பக்கம். அதைவிட, அம்மன் ஃபைனான்ஸ் என்று சொன்ன பிறகு எப்படி மாறிப் போவது?

"அது கள்ளப் பூ, அக்கா. கணக்கில்லை," என்றார் சகலன். தன் பூவைத் தானே கைவிட்டார். பசி வந்துவிட்டது போல.

மனைவி யோசித்தாள். பிறகு எல்லார் கண் முன்னாலும் இரண்டு சிவப்பு ரோசாக்களை எடுத்து, ஒவ்வொன்றாகச் சுற்றி, அம்மன் முன் வைத்தாள். கண்ணை மூடி நெடு நேரம் கும்பிட்டாள். குழந்தை ஒன்றை எடுத்துப் பிரித்தது.

"ரூஜ்," என்று பிரெஞ்சில் சிவப்பைச் சொன்னது, சலிப்பாக.

"பாத்தியளோ," என்றாள் மனைவி. "அம்மனும் கம்ப்யூட்டர் எண்டுதான் சொல்லுறா."

"ஓம்," என்றேன்.

பற்றரியைத் திரும்பப் பூட்டினேன். மகள் கை கழுவி வந்து சோறு கேட்டாள்.