டிவியில் சிவந்த மூன்றாவது லைன்

ஆளுக்கு ஓர் அர்த்தம் வைத்திருக்கும் வார்த்தையை, எல்லாரையும் பகைத்துக்கொண்டு ஒரே அர்த்தத்துக்குள் அடைப்பதுதான் டாஷ்போர்டு எழுதும் தொழில். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகக் கொஞ்சம்.

ஒரகடத்தில் கார் கதவுப் பூட்டு செய்யும் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு லைனுக்கு மேலும் ஒரு டிவி தொங்கும். எத்தனை பீஸ் வந்தது, எவ்வளவு ரிஜெக்ட், மெஷின் எவ்வளவு நேரம் நின்றது என்று அதில் ஓடும்; அதற்குப் பெயர்தான் டாஷ்போர்டு. சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் இதை எக்ஸெல்லில் தினமும் கையால் செய்தார்கள். நான் கோடிங்கில் எழுதினேன். ரிஜெக்ட் என்றால் இது, நின்ற நேரம் என்றால் இது என்று ஒரே ஃபைலில் எழுதிவிட்டால் எல்லா டிவியும் அதற்குக் கட்டுப்படும். அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். இதில் அடக்கம் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

ரிஜெக்ட் எது?

முதல் சண்டை இந்த ஒரு வார்த்தைக்கு. குவாலிட்டிக்காரர்கள், ஒதுக்கி வைத்ததெல்லாம் ரிஜெக்ட் என்றார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் ராஜசேகர் சாரோ, குப்பைக்குப் போனதுதான் ரிஜெக்ட், திருத்தி எடுத்தால் அது நல்ல பீஸ் என்றார். இரண்டு பேருக்கும் தனித்தனி எக்ஸெல், தனித்தனி நிம்மதி.

நான் போய் அந்த நிம்மதியைக் கெடுத்தேன். முதல் செக்கிங்கில் தேறாதது ரிஜெக்ட், பிறகு திருத்தினாலும் ரிஜெக்ட்தான் என்று எழுதினேன். மறுநாள் டிவியைப் பார்த்துவிட்டு ராஜசேகர் சார் நேராக என் சீட்டுக்கு வந்தார். "ஏம்ப்பா, ஒரு தடவை ஃபெயிலாகி அப்புறம் பாஸ் பண்ணவனை ஆயுசுக்கும் ஃபெயில்னே கூப்பிடுவியா? நானே இன்ஜினியரிங்ல அப்படித்தான்ப்பா பாஸ் பண்ணேன்!"

ஒரு நாளைக்கு மட்டும்

கஸ்டமர் வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் எல்லா ஃபேக்டரியிலும் ஒரே கோரிக்கைதான் வரும். உங்களுக்கும் வந்திருக்கும். "அந்த ரிஜெக்ட் நம்பரை மட்டும் நாளைக்குக் கொஞ்சம் பச்சையா வை" என்றார் ராஜசேகர் சார்.

"வைக்கலாம் சார். ஆனா யார் சொல்லி, எதுக்காக மாத்தினேன்னு ஃபைல்லயே பதிவாகும். ஹெட் ஆபீஸ்லயும் அது தெரியும்" என்றேன். எக்ஸெல் என்றால் ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கோடிங்கில் எழுதியதன் அருமை எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்துவிட்டுக் கேட்டார்: "சரி, டிவி பிளக்கை யாராவது புடுங்கிட்டா, அது யாருன்னு உன் ஃபைலுக்குத் தெரியுமா?"

கரண்ட் போன கணக்கு

அந்த வருஷம் மின்வெட்டு கடுமை. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓட ஆரம்பிப்பதற்குள் எல்லா லைனும் நின்றுவிடும். என் ஃபைல் அதையும் மெஷின் நின்ற நேரம் என்று எண்ணிச் சிவப்பைக் காட்டியது.

ஜெனரேட்டர் கரண்ட் கடைசியாக வந்து சேர்வதால், இதில் அதிகம் அடிபட்டது மூன்றாவது லைன். அதன் லீடர் இசக்கியம்மாள், சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். படப்பையில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். கான்ட்ராக்ட்தான். தீபாவளியோடு கான்ட்ராக்ட் முடிகிறது. அதற்குள் லைனை ஒழுங்காக ஓட்டிக் காட்டுகிற லீடர்கள் மட்டும் பர்மனென்ட் என்று ஹெச்.ஆர். அறிவித்திருந்தது. ஒழுங்கு என்றால் என் டிவியில் பச்சை. ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துத் தயாராக வைத்திருந்தார்கள். வேலை நிலைத்தால்தான் 'இப்போது வேண்டாம்' என்று சொல்ல அவளுக்கு வாய் இருக்கும். இதை அவளே என்னிடம் சொன்னாள். கேட்ட பிறகு அந்தச் சிவப்பைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

மின்வெட்டைத் தனியாகப் பிரித்து, லைன் கணக்கில் சேராதபடி எழுதினேன். வாலாஜாபாத்திலிருந்து வரும் மெயின்டனன்ஸ் எல்லப்பன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்களையே செவப்புல போட்டுகினு இருந்தியே சார், கரண்ட் ஆபீசுக்கும் ஒரு டிவி மாட்டி வுடு, அவனுங்களும் கொஞ்சம் செவக்கட்டும்!"

நெற்றி இல்லாத மெஷின்

ஆயுத பூஜைக்கு மெஷின்களையெல்லாம் துடைத்து, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுத்தார்கள். லீவு முடிந்து லைன் ஓட ஆரம்பித்தது. மூன்றாவது லைன் டிவியில் மட்டும் பூஜ்யம். மெஷினில் கரண்ட் இருக்கிறது, பீஸ் வரவில்லை, ஆகவே ஆட்கள் வேலை செய்யவில்லை என்று என் ஃபைல் முடிவு கட்டிவிட்டது. இன்னொரு சிவப்பு நாள் வந்தால் இசக்கியம்மாள் பெயர் பர்மனென்ட் பட்டியலில் இருக்காது. அவள் ஓடி வந்தாள். "சார், என் லைன்ல பீஸ் வந்துகிட்டே இருக்கு. உங்க டிவிதான் இல்லைங்குது."

ஃபைலை வரிவரியாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. நம்பிக்கையோடு கீழே போனால், தொட்டி நிறையப் பூட்டுகள். பீஸ் எண்ணுகிற சென்சாரின் கண்ணை மூடிக்கொண்டு, வட்டமாக, காய்ந்துபோன சந்தனம். நடுவில் குங்குமம். "யார் வெச்சது?" என்று கேட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். "நான்தான் சார். மத்த மெஷினுக்கெல்லாம் நெத்தி மாதிரி ஒரு இடம் இருந்துச்சு. இதுக்குக் கண்ணு மட்டும்தான இருக்கு!"

காரணம்: சந்தனம்

எல்லப்பன் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். விட்டுப்போன எண்ணிக்கைக்கு என்ன வழி? ராஜசேகர் சாரிடம் போனேன். "எனக்கு ஒரு நம்பரை மாத்தினா ஹெட் ஆபீசுக்குத் தெரியும்னியே. இப்ப மட்டும் எப்படி மாத்துவ?" என்றார். நியாயமான கேள்வி.

நம்பரைத் தொடவில்லை. மெஷின் எத்தனை முறை பூட்டை அழுத்திப் பொருத்தியது என்பதை அதற்குள் இருக்கும் கன்ட்ரோலர் தனியாக எண்ணி வைத்திருக்கும். கன்ட்ரோலர் எண்ணி, சென்சார் எண்ணாமல் விட்டால் அது சென்சார் கோளாறு, ஆட்கள் மேல் தப்பில்லை. அந்த நேரத்துக்குக் கன்ட்ரோலர் கணக்கே செல்லும் என்று எல்லா லைனுக்கும் பொதுவாக ஒரு விதி எழுதினேன். மாற்றியவர் என்ற இடத்தில் என் பெயர், காரணம் என்ற இடத்தில் சந்தனம். சார் தொட்டியில் கிடந்த பூட்டுகளை ஆளை விட்டு எண்ணச் சொன்னார், ஒத்துப்போனது. மூன்றாவது லைன் பச்சையானது. ஒப்புதல் கொடுக்கும்போது சார் சிரிக்கவில்லை. "ஹெட் ஆபீஸ்காரன் சந்தனம்னா என்னான்னு கேட்டு மெயில் போடுவான். நீயே பதில் போடு."

ஆர்டர் வந்த அன்று

தீபாவளி லீவுக்கு முன்னால் பர்மனென்ட் ஆர்டர்கள் வந்தன. இசக்கியம்மாள் என் சீட்டுப் பக்கம் வந்து, அழுகையும் சிரிப்புமாக நின்று, அங்கிருந்தே ஊருக்குப் போன் போட்டாள். நான் ஸ்க்ரீனைப் பார்ப்பது போல் இருந்துகொண்டேன். ஆனால் அவள் குரலில் நடுக்கமே இல்லை. "எப்பா, வேலை நெலச்சிட்டு. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிருங்க, அவுகளுக்கு அவசரம்னா வேற எடம் பாத்துக்கிடட்டும்."

டாஷ்போர்டால் கம்பெனிக்கு எவ்வளவு லாபம் என்று இன்றுவரை என்னால் நிரூபிக்க முடியவில்லை, ஆனால் சங்கரன்கோவில் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு அதனால் நஷ்டம் என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன்.