குங்குமப்பூவும் ஒரு சொம்புப் பாலும்

உறுவையாறு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா இரண்டாம் முறை கருவுற்றபோது, கூடமாட ஒத்தாசைக்கென்று என்னை அங்கே அனுப்பி வைத்தார்கள். எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒத்தாசை செய்கிற வயதில்லை என்பது எனக்கே தெரியும். முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டதால், பேச்சுத் துணைக்காவது ஓர் ஆள் இருக்கட்டும் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும்.

அக்கா சோகை பிடித்து வெளுத்துக் கிடந்தாள். கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கும். கொட்டிலில் கறவை மாடுகள் இருந்தும் அவள் வாயில் ஒரு மடக்குப் பால் படாது. பால் குடித்தால் வயிற்றுப் பிள்ளை பெருத்துப் பேறுகாலம் சிக்கலாகிவிடும் என்பது அவள் மாமியாரின் தீர்மானம். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை, பயந்தவர். முதல் பிள்ளைக்காக அக்காவைவிட அதிகம் அழுதவர் அவர்தான்.

புதுச்சேரித் துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் தாய்மாமா ஒருநாள் வந்து, அக்காவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். மறுவாரம் ஒரு சின்னத் தகர டப்பாவோடு வந்து மாமியாரிடம் நீட்டினார்.

“கப்பல்ல வந்த குங்குமப்பூக்கா. இத சாப்ட்டா தொர வூட்டுப் புள்ள மாதிரி செவசெவன்னு பொறக்கும்.”

மாமியார் டப்பாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஆனா ஒண்ணுக்கா. ஒரு சொம்பு பால்ல போட்டுக் காச்சி, தெனம் குடுக்கணும். பாலு கொறஞ்சா பூவு வேல செய்யாது.”

“புள்ள பெருத்துடாதாப்பா?”

“அதான் பூவு கீதே. அது பாத்துக்கும்.”

அன்றிலிருந்து மாமியாரே அடுப்படியில் நின்று காய்ச்சினார். அக்கா கொஞ்சம் மிச்சம் வைத்தாலும், “நெறம் அடியிலதான்டி தங்கும், குடி!” என்று அதட்டுவார். மாமா வரும்போதெல்லாம் பூவுக்குத் துணையாக ஏதாவது ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போவார். ஒருமுறை முட்டை, ஒருமுறை முருங்கைக்கீரை, பிறகு பேரீச்சம்பழம். எல்லாம் நிறத்துக்குத்தான். நானும் யாருக்கும் தெரியாமல் ஓர் இழையை வாயில் போட்டுப் பார்த்தேன். தேன் வாசம், ஆனால் மருந்துக் கசப்பு.

பிள்ளை தையில் பிறந்தது. கொழுகொழுவென்று இருந்தது, தெருவே கேட்க அழுதது. நல்ல கறுப்பு. “எங்க மாமனாரு நெறம்டி!” என்று மாமியார் உச்சி முகர்ந்து பூரித்துப்போனார். குங்குமப்பூவைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. மாமாவின் மானம் போகப்போகிறதே! அவர் வருகிற நாளில் ஊர் எல்லைக்கே ஓடிப்போய் வழிமறித்தேன்.

“வூட்டுக்கு வராதீங்க மாமா. புள்ள கறுப்பு.”

“அத வுடு. உங்கக்கா எப்டி இருக்குறா?”

“உக்காந்து சோறு துன்றா.”

மாமா கரும்புக்கொல்லை வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்; தோள்கள் குலுங்கின. அவருக்கு வேண்டியிருந்தது அக்காவின் வயிற்றுக்குள் போன அந்தப் பால் மட்டும்தான் என்பது அன்று எனக்கு எப்படித் தெரியும்? பூ விற்ற கடைக்காரன் ஏமாற்றிவிட்டதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

“அழாதீங்க மாமா. அடுத்த புள்ளைக்கு நல்ல பூவா பாத்து வாங்கிக்கலாம்.”